முகட்டில் கட்டிய மஞ்சள் துணி

சிங்கப்பூரின் மேற்குக் கோடியான துவாஸில் வேலை பார்க்கும் என் கூட்டாளி ஒருவன் அன்று காலை கைப்பேசியில் ஒரு குரல் செய்தி அனுப்பினான். நான் அப்போது லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கம் ஒரு சந்தில், என் தம்பி ஜமாலின் டீக்கடை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கையில் தே ஹாலியா. இஞ்சியைத் தூக்கலாகப் போட்டிருந்தான், தொண்டை எரிந்தது.

செய்தியில் பாதி காற்றின் இரைச்சல். மீதியில் அவன் கத்தினான். "டேய் ஹமீது, இங்க பயங்கரக் காத்து. கிரேன் எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. உங்க பக்கம் வந்துடும் லா, பாத்துக்க."

தலைக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மேற்கே மட்டும், கட்டடங்களின் இடுக்கில், வானம் கரித்துணி மாதிரி ஆகியிருந்தது.

இந்தக் காற்றை நாங்கள் சுமத்ரா என்போம். வருஷத்தில் சில மாதங்கள், பெரும்பாலும் காலை வேளையில், கடலைத் தாண்டி வரும். முதல் அடி துவாஸுக்கு. அங்கே அடித்த பிறகு லிட்டில் இந்தியாவுக்கு வர அரை மணி நேரம் ஆகலாம், ஆகாமலும் போகலாம். வந்தால் கொஞ்ச நேரம்தான் இருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் மரத்தைச் சாய்க்கும், குடையைப் பிடுங்கும், காயப்போட்ட துணியை அடுத்த அடுக்குமாடி புளோக்குக்கு அனுப்பிவைக்கும்.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். கடைக்கு நேர் எதிரே, சந்தின் மறு ஓரத்தில், நான் கட்டட வேலை மேற்பார்வை பார்க்கும் வீட்டின் பக்கச் சுவர் நின்றது. இரண்டு மாடி உயரம். மேலே போகப் போக முக்கோணமாகக் குறுகி முடியும். அதன் அடியில்தான் ஜமால் கடையின் முக்காலிகள் கிடக்கும். ஜமாலும் அங்கேதான் உட்காருவான், சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, எதிரே கடையைப் பார்த்தபடி.

பயந்துவிட்டேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

பயந்த குடும்பம்

போன வாரம் காய்கறி வாங்கப் போன இடத்தில் ஒரு அம்மா என்னை நிறுத்தி, நான் எழுதும் இந்தத் தொடரை விடாமல் படிப்பதாகச் சொன்னார். சந்தோஷமாக இருந்தது. "ஆனா உங்களுக்கு எதைப் பாத்தாலும் பயமா இருக்கே, நீங்க எப்படி கட்டட வேலையில இருக்கீங்க?" என்று அடுத்துக் கேட்டார். சந்தோஷம் கொஞ்சம் குறைந்தது.

பயம் எனக்கு அத்தாவிடமிருந்து, அதாவது என் அப்பாவிடமிருந்து, வந்த சொத்து. அத்தா தஞ்சோங் பகாரில் கப்பல் சாமான் இறக்கியவர். கயிற்றில் தொங்கும் மூட்டைக்கு அடியில் ஒருநாளும் நடக்க மாட்டாராம், சுற்றிக்கொண்டுதான் போவாராம். கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்களாம். அது நான் கேள்விப்பட்டது. நான் பார்த்தது வீட்டில். எங்கள் வீவக அரசு அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு மின்விசிறி. அதற்கு நேர் கீழே அத்தா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சாப்பாட்டு மேசையை யாராவது நடுவில் போட்டால் ஓரத்துக்குத் தள்ளிவிடுவார். வியர்த்து ஊற்றும். தோளில் கிடக்கும் துண்டால் துடைத்துக்கொண்டே சாப்பிடுவார். "அது எந்தக் கொக்கியில தொங்குதுன்னு வீட்டுல யாராவது பாத்தீங்களா?" என்று கேட்பார். நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

எனக்கு அந்த வியாதி ஒட்டிக்கொண்டது. ஜமாலுக்கு ஒட்டவில்லை. அத்தா மேசையைத் தள்ளிவிட்டுக் காலியாக்கிய அதே இடத்தில், விசிறிக்கு நேர் கீழே, தரையில் தட்டை வைத்துச் சப்பணம் போட்டு உட்காருவான். காற்று முழுவதும் அவனுக்கு. இப்போது அவன் வீட்டிலும் அவனுடைய நாற்காலி விசிறிக்கு அடியில்தான். நான் ஜன்னலோரம். "நானா, இங்க வந்து உக்காருங்க, காத்து வருது" என்று ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவான். எங்கள் பக்கத்தில் அண்ணனை நானா என்போம். கூப்பிட்டுவிட்டுத் தன் மனைவியைப் பார்த்துக் கண்ணடிப்பான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்த ஒன்றையும் சொல்ல வேண்டும். தீவின் கிழக்குப் பக்கம் ஒரு தரைவீடு. கூரை ஏறாத முக்கோணச் சுவர் ஒன்று, வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் காற்றுக்குச் சாய்ந்துவிட்டது. திங்கள் காலையில் நாங்கள் போனபோது அது பக்கத்து வீட்டுக்காரர் கார் நிறுத்தும் இடத்தில் படுத்திருந்தது. செங்கலுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன சைக்கிளின் கைப்பிடி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஜிகினா நூல் தொங்கியது. குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது என்று அந்த வீட்டுக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார். எங்களுக்குச் சொன்னாரா, தனக்குச் சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு இரும்புப் பட்டை

காற்று சுவரைத் தள்ளும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். இழுக்கவும் செய்யும். பக்கவாட்டில் வேகமாகக் கடந்துபோகிற காற்று சுவரை வெளிப்பக்கமாக உறிஞ்சும். கூரை பாதி திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்துகொண்டு அதே பக்கம் தள்ளும். செங்கல் சுவரை மேலிருந்து அமுக்கினால் நிறையத் தாங்கும். பக்கத்தில் அசைத்தால் தாங்காது.

அதனால் சுவரையும் கூரை மரத்தையும் சேர்த்துக் கட்டிவிடுவோம். நாங்கள் ஸ்ட்ராப் என்று சொல்வது துத்தநாகம் பூசிய ஒரு இரும்புப் பட்டை, அவ்வளவுதான். நீளப் பகுதியை மரத்தோடு வைத்துத் திருகாணி போட்டு இறுக்குவோம். மறுமுனை மடங்கியிருக்கும், அது சுவருக்குள் இறங்கிச் செங்கலைப் பிடித்துக்கொள்ளும். வீடு முடிந்த பிறகு பூச்சுக்கும் பலகைக்கும் உள்ளே மறைந்துவிடும். வீட்டுக்காரர்கள் ஓட்டின் நிறத்தைப் பற்றி ஒரு வாரம் சண்டை போடுவார்கள். பட்டையைப் பற்றி என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை.

சந்து வீடு சரோஜா அக்காவுடையது. தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். கடைவீடுகளின் வரிசையில் கடைசி வீடு என்பதால் ஒரு பக்கச் சுவர் முழுசாக வெளியே நிற்கும். கூரை மரங்கள் செல்லரித்துப்போய், சுவரின் உச்சியில் பழைய சுண்ணாம்புக் காரை மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. உச்சியைப் பிரித்துப் புதிதாகக் கட்ட வேண்டும், மரங்களை மாற்ற வேண்டும், ஓடு வேய வேண்டும். "எங்க நானா இருக்காரு. அவரை மாதிரி பயந்தாங்கொள்ளி உங்களுக்குக் கிடைக்க மாட்டாங்க, தைரியமா வேலையைக் குடுங்க" என்று ஜமால் அக்காவிடம் சொல்லித்தான் எனக்கு இந்த வேலை வந்தது.

கூரையின் உச்சியில் ஓடும் முகட்டு உத்தரத்தை ஏற்றிய அன்று அக்கா பூசை வைத்தார். நவதானியத்தையும் ஒரு காசையும் மஞ்சள் துணியில் முடிந்து, மாவிலையோடு சேர்த்து, தானே சாரத்தில் ஏறி உத்தரத்தில் கட்டினார். நான் கீழே நின்றேன். துணியை எந்த இடத்தில் கட்டினார் என்று அங்கிருந்து தெரியவில்லை. முடிச்சை அவர் திரும்பத் திரும்ப இறுக்கியது மட்டும் தெரிந்தது.

இறங்கி வந்ததும் காரணம் சொன்னார். வீவக வீட்டுக்குக் குடிபோனபோது அவசரத்தில் பூசை எதுவும் செய்யவில்லையாம். வருஷம் திரும்புவதற்குள் கணவர் போய்விட்டார். "இந்தத் தடவை எதையும் விடக் கூடாது பாய். கிரகப்பிரவேசம் வரைக்கும் அந்த முடிச்சை யாரும் தொடாம பாத்துக்குங்க" என்றார். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. பயப்படுகிற மனிதர்களைப் பார்த்தால் எனக்குச் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருக்கும்.

உச்சியில் ஒரு கோடு

பட்டைகளைப் பொருத்தியது சுமத்ராவுக்கு முந்தின நாள். நான் அன்று வேறு வீட்டில் இருந்தேன். சந்துப் பக்கம் இருந்த வெளிச்சாரத்தையும், கடைக்காரர்கள் தலையில் எதுவும் விழாமலிருக்கப் போட்டிருந்த பலகைப் பந்தலையும் அதே நாளில் பிரித்துவிட்டார்கள். பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பதற்காகத்தான் நான் அன்று காலையில் வந்ததே. டீ குடித்துவிட்டு ஏறலாம் என்றிருந்தேன். குரல் செய்தி முந்திக்கொண்டது.

வீட்டுக்குள் தச்சர் முருகேசன் மட்டும் இருந்தார். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். கிராஞ்சி தொழிலாளர் விடுதியிலிருந்து விடியும் முன்னே லாரியில் வந்து இறங்கிவிடுவார். லாரியில் தூங்கிய தூக்கம் மத்தியானம் வரை கண்ணில் இருக்கும், ஆனால் கை தூங்காது.

"ஸ்ட்ராப் எல்லாம் போட்டாச்சா?" என்றேன்.

"போட்டாச்சு சார்."

உள்சாரத்தில் ஏறினேன். கீழ் மரத்தில் பட்டை இருந்தது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. அடுத்ததிலும் இருந்தது. அதற்கு மேலும். கூரையில் ஓடு பாதிதான் ஏறியிருந்தது. திறந்திருந்த மீதி வழியாக அந்தக் கரிய வானம் முன்பைவிடக் கிட்டத்தில் தெரிந்தது. உச்சிக்குப் போனேன். உத்தரத்தின் நுனியில், சுவரை ஒட்டி, மஞ்சள் துணி. மாவிலை காய்ந்து சுருண்டிருந்தது. பட்டை வரவேண்டிய இடம் அதுதான். அங்கே பட்டை இல்லை.

"முருகேசன், இங்க எங்க?"

அவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். "அது சாமி முடிச்சு சார். அக்கா தொடக் கூடாதுன்னாங்க. அது மேல எப்படி சார் இரும்பை வச்சு முடுக்குறது? கிரகப்பிரவேசம் முடிஞ்சு அவங்களே அவுத்துக் குடுத்ததும் போட்டுக்கலாம்னு எடுத்து வச்சிருக்கேன்."

மூலையில் அந்த ஒரு பட்டை மட்டும், ஒரு பழைய துண்டில் சுற்றிப் பத்திரமாக இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அப்போது முதல் காற்று வந்தது. பெரிய காற்றுகூட இல்லை. உத்தரத்தின் நுனிக்கும் சுவருக்கும் நடுவே நூல் பருமனுக்கு ஒரு வெளிச்சக் கோடு விழுந்தது. பிறகு மறைந்தது. பிறகு மறுபடியும் விழுந்தது. புதிதாகக் கட்டிய உச்சிச் சுவர் வெளியே போய்ப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது.

முருகேசனும் அதைப் பார்த்துவிட்டார். "பத்து நிமிஷம் குடுங்க சார். அவுத்துட்டுப் போட்டுடறேன். பாவம் வந்தா எனக்கு வரட்டும்." சொல்லிக்கொண்டே சாரத்தில் கால் வைத்தார்.

"வேணாம். எறங்குங்க. ரோட்டுக்குப் போயிடுங்க."

பத்து நிமிஷம் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும். இருந்தாலும் அசைகிற சுவருக்குப் பக்கத்தில் ஒரு மனிதனை ஏற்றி நிறுத்த முடியாது. சுவர் போனால் போகட்டும், மறுபடி கட்டலாம். அதற்கு அடியில் என் தம்பி உட்கார்ந்திருக்கிறான்.

முக்காலி

சந்தில் காலை வியாபாரம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. முக்காலிகளில் நாலைந்து பேர் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். ஜமால் வழக்கமான இடத்தில் சுவரில் சாய்ந்திருந்தான்.

"ஜமால், எல்லாரையும் எழுப்பு. கடையை மூடு. இந்தச் சுவர் நிக்காது."

அவன் சிரித்தான். "வந்துட்டாரு. நானா, போன மாசம் அந்த புளோக்குல ஏசி பெட்டி விழும்னீங்க. அதுக்கு முன்னாடி எம்ஆர்டி ஸ்டேஷன் எஸ்கலேட்டர். ஒன்னும் விழல."

வாடிக்கையாளர்களும் சிரித்தார்கள். என்னைப் பற்றி அந்தச் சந்தில் எல்லாருக்கும் தெரியும், தெரியவைத்தவனே அவன்தான்.

"இது அப்படி இல்லடா."

"எப்பவும் இதான் சொல்வீங்க. மழை வந்தா ஆளுங்க இங்கதான் ஒதுங்குவாங்க, அப்பதான் எனக்கு யாவாரமே. போங்க, டீ ஆறுது."

நான் கத்தினேன். கையைப் பிடித்து இழுத்தேன். அவன் என்னைவிடக் கனத்த ஆள், அசையவில்லை. "எல்லாருக்கும் முன்னாடி மானத்தை வாங்காதீங்க நானா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். சந்தின் மேற்கு முனையில் யாருடைய பிளாஸ்டிக் கூடையோ உருண்டு வந்தது. வெயில் அணைந்தது.

எதற்கெடுத்தாலும் பயந்து பயந்து, உண்மையிலேயே பயப்பட வேண்டிய அன்றைக்கு என் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. ஏசி பெட்டிக்கும் எஸ்கலேட்டருக்கும் இதே குரலைத்தான் நான் உயர்த்தியிருந்தேன். வேறு குரல் என்னிடம் இல்லை.

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். ஒரு காலி முக்காலியை இழுத்து, அவனுக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டிப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன பண்றீங்க?"

"நீ எந்திரிக்கிற வரைக்கும் நானும் இங்கதான்."

முதுகு சுவரில் பட்டது. எங்கோ மேலேயிருந்து ஒரு அதிர்வு இறங்கி வந்து முதுகெலும்பில் தெரிந்தது. என் தொடை நடுங்கி, முக்காலியின் கால் சிமெண்டுத் தரையில் டகடகவென்று அடித்தது. கலிமா சொல்ல வாயைத் திறந்தேன், நாக்கு புரளவில்லை. தலைக்கு மேலே பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடினேன், மூடியதும் அந்த ஜிகினா நூல் தெரிந்தது. திறந்துவிட்டேன்.

ஜமால் என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் காலைப் பார்த்தான். மின்விசிறிக்கு அடியில்கூட உட்காராத ஆள் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று அவனுக்கு அப்போது உறைத்திருக்க வேண்டும். முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"எந்திரிங்க," என்றான் எல்லாரையும் பார்த்து. "காசு அப்புறம். எந்திரிங்க, ரோட்டுக்குப் போங்க." உள்ளே டீ ஆற்றுபவரிடம் அடுப்பை அணைக்கச் சொன்னான். ஒரு பெரியவர் கோப்பையோடு நிதானமாக எழுந்தார். அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கி வைத்துவிட்டு அவரைத் தள்ளிக்கொண்டே போனான். கடைசியில் திரும்பி ஓடிவந்து, அக்குளில் கைகொடுத்து என்னைத் தூக்கினான்.

செங்கல் கொட்டிய சத்தம்

நாங்கள் சந்து முனை திரும்பி, எதிர் வரிசைக் கடைகளின் முன் கூரை போட்ட ஐந்தடிப் பாதையில் ஒதுங்கியபோது சுமத்ரா வந்துவிட்டது. மழை படுத்துக்கொண்டு அடித்தது. பூக்கடையில் தொங்கிய மாலைகள் கூரையைத் தொட்டுத் தொட்டு ஆடின. எதிரே நிற்பவர் பேசுவது கேட்கவில்லை.

அந்தச் சத்தம் இடி மாதிரி இருக்கும் என்று வருஷக்கணக்காகக் கற்பனை செய்து வைத்திருந்தேன். லாரியிலிருந்து செங்கல் கொட்டுகிற சாதாரண சத்தம்தான். மழையில் பாதி கேட்கவும் இல்லை. ஜமால் மட்டும் என் சட்டையை இறுக்கிப் பிடித்தான்.

காற்று அடங்கியதும் போய்ப் பார்த்தோம். முக்கோணத்தின் உச்சி இல்லை. பட்டை பிடித்திருந்த இடம் வரைக்கும் சுவர் அப்படியே நின்றது. கடைசிப் பட்டைக்குச் சற்று மேலே உடைந்திருந்தது. விழுந்ததெல்லாம் முக்காலிகளின் மேல். ஜமால் உட்கார்ந்த முக்காலி எது என்று தேட வேண்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் என்னுடையதும் மடங்கிக் கிடந்தது.

சரோஜா அக்கா குடையில்லாமல் ஓடிவந்தார். மேலே உத்தரத்தின் நுனி வெறும் வானத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. நனைந்த மஞ்சள் முடிச்சு அவிழாமல் அதில் தொங்கியது. முருகேசன் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னார். அக்கா மேலே பார்த்தார், கீழே குவியலைப் பார்த்தார்.

"நான் அங்க கட்டினதாலயா பாய்?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். வாழ்நாளெல்லாம் நோயாளிகளுக்கு நடுவில் இருந்தவரிடம் பொய் எடுபடாது. "அந்த இடத்துல பட்டை வரணும்க்கா. உங்களுக்குத் தெரியாது. யாருக்கும் ஒன்னும் ஆகல."

"ஆயிருந்தா?" அவர் ஜமாலிடம் போய் அவன் தலையையும் தோளையும் கையையும் தொட்டுப் பார்த்தார். "அவரு போனப்ப, பூசை செய்யாததாலதான்னு நெனச்சேன். இப்ப செஞ்சதால..."

"அக்கா, நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், ஒரு டீ போடட்டுமா?" என்று ஜமால் தன் வழக்கமான குரலில் ஆரம்பித்தான். முக்காலிகள் கிடந்த பக்கம் திரும்பியதும் நிறுத்திவிட்டான்.

பொறியாளர் வந்து பார்த்தார். சந்தை அடைத்தார்கள், வேலையை நிறுத்தினார்கள், கொஞ்ச காலம் கழித்து மறுபடி தொடங்கியது. உச்சிச் சுவரைத் திரும்பக் கட்டியபோது அக்கா தானே ஏறி முடிச்சை அவிழ்த்தார். முருகேசன் பட்டையை வைத்து இறுக்கி முடிக்கும் வரை அதை மடியில் வைத்துக்கொண்டு சாரத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு பட்டைக்கு மேலேயே கட்டினார். இரும்பின் மேல் கட்டலாமா என்று முருகேசன் தயங்கிக் கேட்டார்.

"எனக்கு ரெண்டும் வேணும்ப்பா," என்றார் அக்கா.

விசிறிக்கு அடியில்

இதில் நடுவில் விட்டுப்போன ஒன்று இருக்கிறது. சுவர் விழுந்த அந்த வாரக் கடைசியில் ஜமால் வீட்டில் சாப்பாடு. அவன் மனைவி நெய்ச்சோறும் தாளிச்சாவும் செய்திருந்தாள். நான் வழக்கம்போல் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஜமால் தட்டோடு வந்தான். விசிறிக்கு அடியில் இருந்த தன் நாற்காலியின் முதுகில் கை வைத்து நின்றான். நிமிர்ந்து பார்த்தான். என்னைக் கேலி செய்யத்தான் அப்படிப் பார்க்கிறான் என்று நினைத்து நானும் சிரிக்கத் தயாரானேன். அவன் சிரிக்கவில்லை. விசிறியின் தண்டு கூரையைத் தொடும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே கொக்கி எப்படி இருக்கிறது என்று அங்கிருந்தே கண்டுபிடிக்கப் பார்க்கிறவன் போல இருந்தது. அத்தா அப்படித்தான் பார்ப்பார்.

பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்தான். சத்தம் வராமல் வைத்தான்.

இவன் கொஞ்சமாவது பயப்பட மாட்டானா என்று நான் எத்தனையோ வருஷம் ஏங்கியிருக்கிறேன். அன்று அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது, திரும்பிப் போய் விசிறிக்கு அடியிலேயே உட்காரேன் என்று சொல்லத் தோன்றியது. எங்கள் வீட்டில் பயமில்லாமல் இருந்த ஒரே ஆள் அவன்தான்.

"இங்க காத்து வராதுடா," என்றேன்.

"பரவால்ல நானா."

விசிறி காலி இடத்துக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் வியர்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.